மனச்சோர்வுக்கு நடைக்குழு: இரண்டாவது வாரமே ஆள் குறையுது, அளவை எப்படி வைக்கறது? (சேலம்)

கேள்வி: கன்னங்குறிச்சி நடை

வணக்கம்ங்க. மூக்கனேரிக் கரையில காலை 5.30 மணிக்கு ஒரு நடைக்குழு நடக்குது. ஒன்பது பேர். எல்லாருமே மனச்சோர்வு, பதற்றம்னு வைத்தியத்துல இருக்கறவங்க. "உடற்பயிற்சி பண்ணுங்க"ன்னு டாக்டர் சொல்லித்தான் வந்திருக்காங்க. விசைத்தறிக்காரர் ரெண்டு பேர், செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிக் கொலுசு வேலை பாக்கறவர் ஒருத்தர், வீட்டுல இருக்கற பெண்கள் நாலு பேர், காலேஜ் பசங்க ரெண்டு பேர்.

இப்ப தினமும் 45 நிமிஷம் வேக நடை. முதல் வாரம் எல்லாரும் வர்றாங்க, இரண்டாவது வாரம் பாதிப் பேர்தான். அதனால சில கேள்வி.

45 நிமிஷம் அதிகமா? எத்தனை நாள், எவ்வளவு வேகம்? நடை மட்டும் போதுமா? ஒரு அக்காவுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சதும் பயம் வந்து உட்கார்ந்துடறாங்க. அப்ப நிறுத்தணுமா, தொடரணுமா? மாத்திரை சாப்பிடறவங்க நம்ம ஊரு வெயில்ல எதைக் கவனிக்கணும்? நைட் ஷிப்ட் தறிக்காரர் எப்ப நடக்கறது? மாசம் ஒருமுறை ஏற்காடு கூட்டிட்டுப் போகலாமான்னு ஒரு யோசனையும் இருக்கு.

உற்சாகப் பேச்சு வேண்டாங்க, அது நிறையக் கேட்டாச்சு. அளவு என்ன, படிப்படியா எப்படி ஏத்தறது, எங்க பிசகும், ஏன் பிசகும்? அது தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில்: பிசியோ அஸ்தம்பட்டி

முதல் தப்பு அந்த 45 நிமிஷம்தாங்க. நல்லா இருக்கற ஆளுக்கே உடம்பு பழகாம தினமும் 45 நிமிஷ வேக நடை நாலாவது நாள்ல கெண்டைக்கால் பிடிக்கும். மனச்சோர்வுல தூக்கமும் சாப்பாடும் குறைஞ்ச உடம்பு அது. வலி வந்ததும் "என்னால இதுகூட முடியலை"ன்னு மனசு கணக்கு எழுதிக்கும். அப்புறம் வர மாட்டாங்க.

முதல் வாரம் 10 நிமிஷம், மூணு நாள். திங்கள், புதன், வெள்ளி. அவ்வளவுதான். இன்னும் நடக்கலாமேன்னு தோணற இடத்துலயே நிறுத்தி வீட்டுக்கு அனுப்புங்க. ரெண்டாவது வாரம் 15 நிமிஷம், மூணாவது வாரம் 20. நாலாவது வாரம் நிமிஷத்தைத் தொடாம ஒரு நாள் மட்டும் கூட்டுங்க. அஞ்சாவது, ஆறாவது வாரத்துல 30 நிமிஷத்துக்கு வந்துடலாம். வேகத்தை அதுக்கப்புறம் பாத்துக்கலாம். ஒரே வாரத்துல நிமிஷத்தையும் வேகத்தையும் சேர்த்து ஏத்தினா முழங்காலுக்குக் கீழ முன் எலும்பு ஓரமா வலி வரும். வந்தா முந்தின வாரத்து அளவுக்கு இறங்கிடுங்க, முழுசா நிறுத்த வேண்டாம். தவறின நாளை மறுநாள் சேர்த்து ஈடுகட்டவும் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு, இல்லேன்னா 75 முதல் 150 நிமிஷம் கடினமான உழைப்பு. அதோட ரெண்டு நாள் தசைப் பயிற்சி. அது போய்ச் சேர வேண்டிய ஊரு, கிளம்பற இடம் இல்லை. அந்த அளவுல பாதி செய்யறவங்களுக்கே மனச்சோர்வு வர்ற வாய்ப்பு கண்கூடாக் குறையுதுன்னு 2022-ல பல ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துப் பாத்த ஒரு பெரிய தொகுப்பாய்வு காட்டுச்சு. அதனால வாரத்துக்கு 75 நிமிஷம் நடக்கறவரை "குறைவு"ன்னு சொல்லாதீங்க.

வேகத்துக்கு மிஷின் எதுவும் தேவையில்லை. பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். நாலு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்கினா கடினம். முதல் ஆறு வாரம் அங்க போகவே வேண்டாம். நாடி பாக்கணும்னா கட்டைவிரல் அடியில மணிக்கட்டுல ரெண்டு விரல் வெச்சு 15 விநாடி எண்ணி நாலால பெருக்குங்க. 220-ல இருந்து வயசைக் கழிச்சா உச்ச நாடி, உத்தேசமா. நாப்பது வயசுக்கு 180. அதுல 64 முதல் 76 சதவீதம், அதாவது 115-ல இருந்து 137 வரை மிதமான உழைப்பு. ஆனா பதற்றத்துக்கோ தலைவலிக்கோ ப்ரோப்ரனலால் சாப்பிடறவங்களுக்கு இந்தக் கணக்கு எடுபடாது. மருந்து நாடியை அவ்வளவா ஏற விடாது. "நாடி 100 தாண்டலையே"ன்னு அவங்களை விரட்டினா வம்புதான். அவங்களுக்குப் பேச்சுச் சோதனை மட்டும்.

நடை மட்டும் போதுமான்னா, ஆரம்பிக்கப் போதும். நாலாவது வாரத்துல இருந்து ரெண்டு நாள் தசைப் பயிற்சி சேருங்க. 2018-ல 33 ஆய்வுகளைத் தொகுத்துப் பாத்தப்ப, பலம் கூடினவங்களுக்கும் பெருசாக் கூடாதவங்களுக்கும் மனச்சோர்வு அறிகுறி குறைஞ்சது. ஜிம் வேண்டாம். சுவத்தோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கையை ஊணாம உட்கார்ந்து எழறது 8 தடவை, ஒண்ணரை நிமிஷம் ஓய்வு, திரும்ப 8. சுவத்துல கை வெச்சுத் தள்ளறது அதே கணக்கு. ரெண்டு கையிலயும் ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் பிடிச்சு முழங்கை மடக்கறது 10. கடைசி ரெண்டு தடவை கஷ்டமா இருக்கணும், ஆனா மூச்சை அடக்கக் கூடாது. 12 தடவை லேசா வந்துட்டா ரெண்டு லிட்டர் பாட்டிலுக்குப் போங்க.

கொலுசு வேலைக்காரரைத் தனியா கவனிங்க. நாள் முழுக்கச் சம்மணம் போட்டுக் குனிஞ்சு உட்கார்ற உடம்புக்கு இடுப்பு முன்பக்கம் இறுகிப் போயிருக்கும். நேரா வேகமா நடந்தா கீழ்முதுகு வலிக்கும். நடக்கறதுக்கு முன்னால ஒரு காலைப் பின்னால வெச்சு இடுப்பை முன்னால தள்ளி 30 விநாடி, ரெண்டு பக்கமும். முதல் அஞ்சு நிமிஷம் மெதுவா.

செருப்பையும் பாருங்க. ஹவாய் செருப்புல வேகமா நடந்தா அது நழுவாம இருக்க விரலால பிடிச்சுக்கிட்டே நடப்பாங்க. பாதம், முன்னங்கால் ரெண்டும் வலிக்கும். குதிகாலுக்கு வார் இருக்கற செருப்பு போதும். ஷூதான் வேணும்னு சொன்னா அந்தச் செலவே சிலரை வரவிடாது.

பதில்: மருத்துவ உளவியல் சேலம்

பிசியோ அளவைச் சொல்லிவிட்டார். நான் நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் குழு கரைவதற்கு 45 நிமிடம் ஒரு காரணம், காலை 5.30 இன்னொரு காரணம்.

மனச்சோர்வு உள்ள பலருக்கு நாளின் மிக மோசமான நேரமே விடியற்காலை. எழும்போது பாரமாக இருக்கும். மதியம் தாண்டினால் கொஞ்சம் இலகுவாகும். இது சோம்பல் அல்ல, நோயின் அறிகுறி. இரவில் மிர்டாசபின், அமிட்ரிப்டிலின், க்வெடியாபின், ஒலான்சபின் போன்ற தூக்கம் தரும் மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கு விடியலில் மந்தமும் எழுந்ததும் தலைசுற்றலும் கூடச் சேரும். வீட்டுப் பெண்களுக்கு அந்த நேரத்தில்தான் தண்ணீர் பிடிப்பது, டிபன், பள்ளிக்கூடப் பை எல்லாம். ஆக, இவர்களுக்கு முடியாத ஒரே நேரத்தில் குழுவை வைத்திருக்கிறோம். மாலை 5.30-க்கு இன்னொரு குழு தொடங்குங்கள். யாருக்கு எந்த நேரம் என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். காலை வெளிச்சம் தூக்கத்தை ஒழுங்குபடுத்தும் என்பது உண்மைதான். அதற்கு நடக்கவே வேண்டியதில்லை. எழுந்ததும் பத்து நிமிடம் வாசலில் நின்றாலே போதும்.

இரண்டாவது வாரம் ஏன்? ஒரு முறை நடந்தால் கிடைக்கும் தெளிவு சில மணி நேரம்தான் நிற்கும். நாள் முழுக்க நீடிக்கும் மாற்றத்துக்குப் பல வாரம் பிடிக்கும். முதல் வாரம் புதுமை இழுத்துவரும். இரண்டாவது வாரம் புதுமை போயிருக்கும், பலன் இன்னும் வந்திருக்காது. அந்த இடைவெளியில்தான் ஆட்கள் உதிர்கிறார்கள். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "இரண்டாவது வாரம் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றும், அது எதிர்பார்த்ததுதான்." சொல்லி வைத்தால் அந்த ஏமாற்றம் தோல்வியாகப் படாது.

இன்னொன்று. மனச்சோர்வில் ஆர்வம் முன்னால் வராது. செயல் முன்னால் போகும், ஆர்வம் மெல்லப் பின்னால் வரும். "மனசு இருந்தால் வாருங்கள்" என்ற பேச்சே இந்தக் குழுவில் கூடாது. "புதன் 5.30, ஆலமரத்தடி, பத்து நிமிடம்" என்று நாள், மணி, இடம், அளவு நான்கும் இருக்க வேண்டும். மழை வந்தால் வீட்டு மாடிப்படி அல்லது மண்டப வராந்தா என்று மாற்று ஏற்பாடும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். முடிவெடுப்பதுதான் இவர்களுக்கு மிகக் கடினமான வேலை. அதை அந்த நேரத்துக்கு விடக்கூடாது.

வராதவருக்கு என்ன பேசுவது என்பதும் முக்கியம். "ஏன் வரலை? எல்லாரும் வந்தாங்களே" என்றால் குற்ற உணர்வு ஏறும், அடுத்த முறை போனையே எடுக்க மாட்டார். "இன்னைக்கு முடியலையா, பரவால்லீங்க அக்கா. வெள்ளிக்கிழமை உங்க தெருமுனை வரைக்கும் அஞ்சு நிமிஷம், நானே அங்க வந்துடறேன்" என்று சொல்லுங்கள். காரணம் கேட்க வேண்டாம்.

அளந்து வைக்க ஒரு எளிய வழி: தினசரி காலண்டர் தாளைக் கிழித்ததும் தூக்கிப் போடாமல் அதன் பின்பக்கம் இரண்டு எண் எழுதச் சொல்லுங்கள். நடக்கும் முன் மனப்பாரம் 10-க்கு எவ்வளவு, நடந்து 15 நிமிடம் கழித்து எவ்வளவு. 8, 6 என்று எழுதிய தாள் பத்துச் சேர்ந்தால் அது கையில் இருக்கும் சாட்சி. மனச்சோர்வு நல்லதை மறக்கடிக்கும். "நடந்து எந்தப் பிரயோஜனமும் இல்லை" என்று சத்தியம் செய்வார்கள். தாளை எடுத்துக் காட்டுங்கள். நான்கு வாரம் எழுதியும் இரண்டு எண்ணும் அசையவே இல்லை என்றால் அதே தாள்களோடு டாக்டரிடம் அனுப்புங்கள். அது அவருக்கு மிக உபயோகமான தகவல்.

இனி அந்த அக்காவின் படபடப்பு. முதலில் டாக்டரிடம் ஈ.சி.ஜி., ஹீமோகுளோபின், தைராய்டு மூன்றும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். ரத்தசோகையிலும் தைராய்டு மிகையிலும் இதே படபடப்பு வரும். அதைப் பயம் என்று எண்ணிப் பழக்கப்படுத்தக் கூடாது. எல்லாம் சரி, இது பீதி நோய்தான் (திடீர் திடீரென்று கடும் பயம் தாக்கும் நோய்) என்று டாக்டர் சொல்லியிருந்தால், உட்கார்வதுதான் பிரச்சினையை வளர்க்கிறது. உட்கார்ந்ததும் பயம் தணிகிறது. "உட்கார்ந்ததால்தான் பிழைத்தேன்" என்று மூளை படித்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பயப்படும்.

சமதளத்தில், குழுவை விட்டுத் தனியாக, ஒரு படிக்கட்டின் முதல் படியில் இதைப் பழக்கலாம். சிகிச்சை தருபவர் ஒருவர் முதல் முறை கூட இருப்பது நல்லது. 30 விநாடி படி ஏறி இறங்க வேண்டும். நிறுத்தி, நின்றபடியே, சாதாரணமாக மூச்சு விட வேண்டும். நெஞ்சு அடிப்பதைக் கவனிக்க வேண்டும். அதை அடக்க முயலக் கூடாது. பயம் 10-க்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டும். பயம் பாதியாகக் குறையும்வரை நிற்க வேண்டும். அதற்கு எத்தனை நிமிடம் ஆனது என்று எழுத வேண்டும். திரும்ப 30 விநாடி. இப்படி நான்கைந்து முறை. முதல் முறை 8 இருந்த பயம் நான்காவது முறை 4, 5-க்கு வரும். படபடப்பு அப்படியேதான் இருக்கும், பயம் மட்டும் இறங்கும். அதுதான் அவர் கற்க வேண்டியது. அடுத்த வாரம் ஒரு நிமிடம்.

பிசகும் இடங்கள் இரண்டு. பக்கத்தில் நிற்பவர் "நல்லா இழுத்து மூச்சு விடுங்க" என்பார். வேகமாக ஆழமாக இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரத்து, உதடு சுருசுருத்து, தலை சுற்றும், பயம் இரட்டிப்பாகும். இன்னொன்று, கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில், பையில் ஒரு அவசர மாத்திரை, கூடவே ஒருவர் என்று இருந்தால், "அவை இருந்ததால்தான் தப்பித்தேன்" என்றே தோன்றும். மெல்ல மெல்ல ஒவ்வொன்றாக விட வேண்டும். ஆனால் உழைக்கும்போது நெஞ்சை அழுத்தும் வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, கண் இருட்டி விழுவது, இவற்றுக்குப் பழக்கம் எதுவும் கிடையாது. உட்கார வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, குழுவுக்கு வெறும் "நடைக்குழு" என்ற பெயரே இருக்கட்டும். கன்னங்குறிச்சி சின்ன ஊர். யாருக்கு என்ன நோய் என்று தெருவுக்குத் தெரிந்தால் பெண்கள்தான் முதலில் வராமல் நின்றுவிடுவார்கள்.

பதில்: காலாற நடப்போம்

இவ்வளவு சிக்கல் எதுக்குங்க? உடற்பயிற்சி மாத்திரைக்குச் சமம்னு ஆராய்ச்சியே இருக்கு. நல்லா நடக்க ஆரம்பிச்சா மாத்திரையை மெல்ல விட்டுடலாமே?

பதில்: மருந்தாளுநர் சூரமங்கலம்

நீங்க சொல்றது பெரும்பாலும் டியூக் பல்கலைக்கழகத்தோட 1999 ஆய்வா இருக்கும். 50 வயசு தாண்டின 156 பேர், 16 வாரம். வாரத்துக்கு மூணு நாள் மேற்பார்வையில 30 நிமிஷம் பயிற்சி ஒரு குழுவுக்கு, செர்ட்ரலின் மாத்திரை ஒரு குழுவுக்கு, ரெண்டும் சேர்த்து ஒரு குழுவுக்கு. 16 வாரத்து முடிவுல மூணும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல நின்னது நிஜம். ஆனா முதல் வாரங்கள்ல வேகமாத் தேறினது மாத்திரைக் குழுதான். அது மட்டுமில்லை, அவங்க பயிற்சியில சேர்றோம்னு தாங்களே முன்வந்தவங்க. படுக்கையை விட்டு எழ முடியாத ஆளை அந்த ஆய்வு சொல்லலை. மாத்திரையால கொஞ்சம் எழுந்து உட்கார்ந்த பிறகுதான் பல பேரால செருப்பையே மாட்ட முடியும்.

திடீர்னு விட்டா தலைசுத்தல், தலைக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி வெட்டு, எரிச்சல், தூக்கமின்மை வரும். அதைப் பாத்து "நோய் திரும்பிடுச்சு, நடந்தும் பிரயோஜனமில்லை"ன்னு நடையையும் விட்டுடுவாங்க. குறைக்கறதா இருந்தா எழுதிக் கொடுத்த டாக்டர்தான் குறைக்கணும். இந்தக் குழுவுல இந்த யோசனையைத் தயவுசெஞ்சு பேசாதீங்க.

இப்ப வெயில் விஷயம். ஏப்ரல், மே மாசம் சேலத்துல 40 டிகிரியைத் தொடும். அப்ப காலை 7 மணிக்குள்ள முடிக்கணும், இல்லேன்னா சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு.

லித்தியம் (மனநிலை ஏத்த இறக்கத்தைச் சீராக்கற மருந்து) சாப்பிடறவங்க யாராவது இருக்காங்களான்னு முதல்ல கேட்டுக்குங்க. உடம்புல தண்ணியும் உப்பும் குறைஞ்சா ரத்தத்துல லித்தியம் ஏறும். பிரஷருக்குன்னு திடீர்னு உப்பைக் குறைச்சாலும் ஏறும். நான் அடிக்கடி எச்சரிக்கறது இன்னொண்ணு: நடந்து முழங்கால் வலிக்குதுன்னு மெடிக்கல் ஷாப்புல டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன் வாங்கிப் போடறது. அதுவும் லித்தியத்தை ஏத்தும். வலிக்குப் பாரசிட்டமால்தான் கேக்கணும். கை பெருசா நடுங்கறது, வாந்தி, பேதி, தள்ளாட்டம், பேச்சு குழறல் இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி.

அமிட்ரிப்டிலின், ட்ரைஹெக்ஸிஃபெனிடில் மாதிரி மருந்துகள் வேர்வையைக் குறைக்கும். எல்லாரும் நனைஞ்சு நிக்கறப்ப அவங்க மட்டும் காஞ்ச தோலோட, முகம் செவந்து நின்னா நிழலுக்குக் கூட்டிட்டுப் போய் ஈரத் துணி போடுங்க. உட்கார்ந்து எழறப்ப ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டறதும் இந்த வகை மருந்துல உண்டு. அதனால நடை முடிஞ்சதும் டக்குனு நிக்காம மூணு நாலு நிமிஷம் மெதுவா நடந்து முடிக்கணும்.

ஒலான்சபின் மாதிரி மருந்துகள்ல எடையும் சர்க்கரையும் கூடும். ஏற்கெனவே சர்க்கரைக்குக் கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுக்கறவங்க வெறும் வயித்துல நடந்தா கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சு அடிக்கும், பயம் வரும். பாக்க அச்சு அசலா பீதி மாதிரியே இருக்கும். அப்ப "பயப்படாதீங்க, நில்லுங்க"ன்னு சொல்லிட்டு இருந்தா ஆபத்து. குளுக்கோமீட்டர்ல 70-க்குக் கீழ இருந்தாலோ, மீட்டரே இல்லேன்னாலோ மூணு டீஸ்பூன் சர்க்கரை தண்ணில கரைச்சுக் குடுங்க. 15 நிமிஷம் கழிச்சுத் திரும்பப் பாருங்க. குழுப் பையில ஒரு பொட்டலம் சர்க்கரை எப்பவும் இருக்கணும்.

இருதுருவ நோய் (மனநிலை அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் மாறி வர்ற நோய்) உள்ள ஒருத்தர் மூணு மணி நேரம்தான் தூங்கறார், ஆனா ரெண்டு மணி நேரம் நடக்கணும்னு துடிக்கறார்னா அது முன்னேற்றம் இல்லீங்க. அளவைக் குறைச்சு வீட்டுக்காரங்க மூலமா டாக்டர்கிட்ட சொல்லுங்க. காலேஜ் பசங்க யாராவது சாப்பாட்டைத் தவிர்த்துட்டு நடையைக் கூட்டிக்கிட்டே போனாலும் அதே மாதிரிதான்.

யாராவது "இருந்து என்ன பண்ணப் போறேன்"ங்கற மாதிரி பேசினா நடந்தா சரியாகிடும்னு சொல்லிக் கடந்து போகாதீங்க. சாகணும்னு தோணுதான்னு நேராவே கேக்கலாம்; கேக்கறதால அந்த எண்ணம் வராது. தனியா விடாம, டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண் 14416-க்கோ 104-க்கோ அவங்க பக்கத்துல இருந்தே போன் போடுங்க. நம்ம அரசு மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு.

பதில்: ஏற்காடு எஸ்டேட் பாதை

ஏற்காடு வர்றதைப் பத்தி நான் சொல்றேன். மலைக்கு வாங்க, ஆனா அதைப் பயிற்சியாக் கணக்குப் பண்ணாதீங்க. வாரத்துக்கு மூணு நாள் மூக்கனேரிக் கரை செய்யற வேலையை மாசத்துக்கு ஒரு நாள் ஏற்காடு செய்யாது. பசுமைக்கு நடுவுல இருக்கறது மனசுக்கு இதம்தான், அதுல சந்தேகமே இல்லை. ஆனா வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற ஏரிதான் மருந்து.

சேலம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500. கீழ இருந்து மேல வந்தா ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி. அந்த உயரத்துக்கு மூச்சுத் திணறாது. திணற வைக்கறது சரிவுதான். சமதளத்துல மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்துல நடக்கறவர் அதே வேகத்துல 10 சதவீத ஏத்தத்துல நடந்தா உடம்பு ரெண்டு மடங்குக்கு மேல உழைக்கணும். நூறு அடி நடந்தா பத்தடி உசர்ற ரோடு. கண்ணுக்குப் பெரிய ஏத்தமாவே தெரியாது. பீதி இருக்கற அக்காவுக்கு அங்கதான் சட்டுனு படபடப்பு வரும். அதனால முதல் தடவை ஏரியைச் சுத்தின சமதள ரோடு மட்டும். சேர்வராயன் கோயில் பக்கமெல்லாம் 30 நிமிஷ நடை பழகின பிறகு. பேச்சுச் சோதனை மலையிலயும் அதேதான். ஏத்தத்துல பேச முடியலேன்னா வேகத்தைப் பாதியாக் குறைங்க.

எல்லாரும் ஏத்தத்துக்குத்தான் பயப்படுவாங்க. காலைக் கெடுக்கறது இறக்கம். இறங்கறப்ப முன்தொடை நீண்டுக்கிட்டே பாரம் தாங்கும். மறுநாள் ஆரம்பிச்சு மூணு நாள் வரைக்கும் படியிறங்க முடியாத வலி. ஞாயித்துக்கிழமை மலைக்கு வந்துட்டுப் போனவங்க திங்கள், புதன் நடைக்கு வர மாட்டாங்க. குழு உடையறதுக்கு அது ஒண்ணு போதும். குட்டை அடி வெச்சு, முட்டியைக் கொஞ்சம் மடக்கி இறங்கச் சொல்லுங்க. மொத்த இறக்கம் பத்து நிமிஷத்தைத் தாண்டாம பாத்துக்குங்க.

அடிவாரத்துல இருந்து கொண்டை ஊசி வளைவு வழியா நடந்தே ஏறலாம்னு யாராவது சொல்வாங்க, வேண்டாம். 20 வளைவு, நடைபாதை கிடையாது, வளைவுல பஸ் திரும்பறப்ப ஒதுங்க இடமும் இல்லை. பஸ்ல வர்றவங்க முன் சீட்டுல உட்கார்ந்து வெளிய ரோட்டைப் பாத்துக்கிட்டு வரணும். வெறும் வயித்துலயும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. மனநல மாத்திரை சிலதுல குமட்டல் ஏற்கெனவே இருக்கும்.

காப்பித் தோட்டத்துக்குள்ள போற பாதை சில்வர் ஓக் நிழல்ல நல்லா இருக்கும். ஆனா தனியார் எஸ்டேட், கேட்டுட்டுத்தான் போகணும். விடியலும் அந்தியும் தோட்டப் பாதை வேண்டாம், காட்டெருமை நடமாட்டம் இருக்கு. மழை மாசத்துல பாசி பிடிச்ச கல்லு வழுக்கும். பனி இறங்கினா பத்தடி தள்ளி ஆள் தெரியாது. மே மாசம் கோடை விழாக் கூட்டத்துல வரவே வராதீங்க. பதற்றக்காரங்களுக்கு அந்த நெரிசல் ஆகாது. செவ்வாய், புதன்னு வார நாள்ல வாங்க.

ஏற்காடு வந்தா காப்பி குடிக்காமப் போக மாட்டாங்க. பீதி இருக்கறவங்க ஒரு டம்ளரோட நிறுத்திக்கணும், அதுவும் நடை முடிஞ்ச பிறகு. காப்பியால வர்ற படபடப்பை நோய்னு நினைச்சுப்பாங்க. மதியத்துக்கு மேல குடிச்சா ராத்திரித் தூக்கமும் போகும்.

கேள்வி கேட்டவர்: கன்னங்குறிச்சி நடை

எல்லாருக்கும் நன்றிங்க. நேரத்தை யோசிக்கவே இல்லை. சாயங்காலம் 5.30 குழு ஒண்ணு போட்டுடறோம், பத்து நிமிஷத்துல இருந்து ஆரம்பிக்கறோம். காலண்டர் தாளும் வெச்சுக்கறோம்.

தறிக்காரர் விஷயம் மட்டும் பாக்கி. ராத்திரி 8-ல இருந்து காலை 8 வரை, ஒரு வாரம் ராத்திரி, ஒரு வாரம் பகல்னு மாறி மாறி. "தறியில பன்னெண்டு மணி நேரம் நடந்துக்கிட்டேதான இருக்கேன், இன்னும் எதுக்கு நடை?"ன்னு கேக்கறார். பதில் சொல்ல முடியலை.

பதில்: பிசியோ அஸ்தம்பட்டி

நியாயமான கேள்விதாங்க. வேலைக்காக நடக்கறதும் தனக்காக நடக்கறதும் மனசுக்கு ஒண்ணா வேலை செய்யறதில்லை. ஆய்வுகளை ஒண்ணா வெச்சுப் பாத்தா ஓய்வு நேரத்துல செய்யற உழைப்போடதான் நல்ல மனநலம் சேர்ந்து வருது. வேலையிடத்து உழைப்போட அப்படி வரலை. தறிச் சத்தத்துல, நூல் அறுந்தா ஓடணும்ங்கற அவசரத்துல, அவர் நினைச்ச நேரம் நிக்க முடியாம நடக்கறது அது. அவருக்கு உழைப்பு குறைவே இல்லை; அதனால நடையைக் கூட்டறதை விட, சத்தமில்லாத இடத்துல தன் இஷ்டத்துக்கு 15 நிமிஷம் நடக்கறதுதான் குறி. வேகமே தேவையில்லை.

ராத்திரி ஷிப்ட் முடிச்சு காலை 8 மணிக்கு நேரா நடைக்கு வரக் கூடாது. அந்த வெயில் வெளிச்சம் மூளைக்கு "விடிஞ்சாச்சு"ன்னு சொல்லிடும், அப்புறம் தூக்கம் வராது. தொப்பியோ கறுப்புக் கண்ணாடியோ போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போய், லேசா சாப்பிட்டு, ஜன்னலை இருட்டடிச்சுத் தூங்கணும். நாலு மணிக்கு எழுந்தா சாயங்காலம் 5.30 குழு அவருக்குச் சரியா அமையும். பகல் ஷிப்ட் வாரத்துல அந்த நேரம் தறியில இருப்பார். அதனால அவருக்கு மணியைக் குறிக்காதீங்க, "எழுந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள"ன்னு குறிங்க. பகல் வாரத்துல அது காலை 5.30 குழு இல்லேன்னா அவர் தெருவுலயே பத்து நிமிஷம்.

ஷிப்ட் மாறற அந்த ஒண்ணு ரெண்டு நாள் நடையே வேண்டாம், தூக்கம்தான் முக்கியம். அந்த நாளை முன்னாடியே தாள்ல கோடு போட்டு "விடுமுறை"ன்னு எழுதிடுங்க, தவறின நாளாக் கணக்குல வரக் கூடாது. நின்னு நின்னு கணுக்கால் வீங்கியிருந்தா நடக்கறதுக்கு முன்னால பத்து நிமிஷம் படுத்துக்கிட்டு காலைச் சுவத்துல சாய்ச்சு வெக்கச் சொல்லுங்க. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடா வலிச்சா நடக்க வைக்காம டாக்டர்கிட்ட அனுப்புங்க, ரத்தக் குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சிருக்கலாம்.